பத்து சதவீதக் கருணை

2025 ஜனவரி 30-ம் தேதி ஹைதராபாத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. அனுப்பியவர்கள் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தார். அறுபது வயதானவர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை இனி எந்தக் கம்பெனியும் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏற்றியே தீர வேண்டுமென்றால்? ஆணையத்துடன் கலந்தாலோசித்துவிட்டு ஏற்றலாம்.

இதற்கு 'நிவாரணம்' என்று பெயர் வைத்தார்கள். பத்திரிகைகள் பாராட்டின. பெருசுகளின் வாட்ஸ்அப் குழுக்களில் கும்பிடும் கைகள் குவிந்தன. எனக்கும் முதலில் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது தடவை படித்தபோதுதான் கலக்கத்தின் காரணம் வேறு என்று புரிந்தது.

முதலில் அந்தக் கலந்தாலோசனையைப் பார்ப்போம். மேசையின் ஒரு பக்கம் கம்பெனி ஆட்கள். கையில் கணிப்பாளர் கையெழுத்திட்ட கோப்பு, மேல்நோக்கிப் போகும் வரைபடங்கள். மறுபக்கம் ஆணைய அதிகாரிகள். நடுவில் டீ, பிஸ்கட். பணம் கட்டப்போகிற ஆள் எங்கே? அவர் அந்த நேரத்தில் ஏதோ ஒரு லேப் வாசலில் சர்க்கரை டெஸ்ட்டுக்காக வெறும் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்லவும் இல்லை. ஏற்றுகிறவர் கேட்பார், ஏற்ற விடுகிறவர் தலையாட்டுவார், கட்டுகிறவருக்கு எஸ்.எம்.எஸ். வரும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் கை தட்டினோம்.

நங்கநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். தனியார் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 62. அவருக்கும் அவர் மனைவிக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஒரு ஃப்ளோட்டர் பாலிசி. ரினீவல் சமயத்தில் ஏஜென்ட் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் வாத்தியார் பேசினார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், ரினீவல் வந்துடுச்சு. மெசேஜ் பாத்தீங்களா?"

"பாத்தேன் தம்பி. போன வருஷம் 40,000. இப்ப 44,000 போட்டிருக்கு. ஏன்?"

"பத்து பர்சென்ட் சார். அதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு கவர்மென்ட்டே சொல்லிட்டாங்க. உங்களுக்கு நல்லதுதான் சார்."

"ஏத்தியே ஆகணும்னு சொல்லியிருக்காங்களா?"

"அப்படி இல்ல சார். பத்து வரைக்கும் ஏத்தலாம்ல, அதான் ஏத்தியிருக்காங்க."

"நாங்க ஒரு கிளெய்ம்கூடப் பண்ணலையே தம்பி."

"அது உங்க நல்ல மனசு சார். பிரீமியம் ஜாஸ்தியா தெரிஞ்சா சொல்லுங்க, கோ-பே இருபது பர்சென்ட் போட்டுக் குறைச்சுடலாம். பில்லுல அஞ்சுல ஒரு பங்கு நீங்க கட்டுற மாதிரி வரும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உச்சவரம்பு என்று ஆணையம் எழுதியதை நாட்டுக்கு உள்ளபடி விளக்கிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். பத்து வரைக்கும் போகலாம் என்று பலகை வைத்தால் எல்லோரும் பத்தில்தான் போய் நிற்பார்கள். ஆறில் நின்றிருக்கக்கூடிய கம்பெனியும் பத்துக்கு வரும். அடுத்த ஆண்டு ஒருவேளை பதினைந்து தேவைப்பட்டால்? இந்த ஆண்டே பத்தை எடுத்து வைத்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்.

போனை வைத்ததும் வாத்தியார் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் கூட்டுவட்டி போட ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த கணக்கு; இப்போது அவருக்கே வீட்டுப்பாடமாக வந்திருக்கிறது. 40,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து சதவீதம். பத்தாவது ஆண்டு 1,03,750. இருபதாவது ஆண்டு 2,69,100. சட்டத்துக்கு உட்பட்டு, உச்சவரம்பை மதித்து, ஒரு தடவைகூட ஆணையத்தின் கதவைத் தட்டாமல், ஏறியிருக்கும் தொகை இது.

ஆணையத்துக்கு ஒரு லட்சியம் உண்டு. 2047-க்குள், அதாவது சுதந்திரத்தின் நூற்றாண்டுக்குள், அனைவருக்கும் காப்பீடு. வாத்தியார் அதற்கும் கணக்குப் போட்டார். அப்போது அவருக்கு 84 வயது. பிரீமியம் சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம். பாலிசியின் அடிப்படைக் கவர் 5 லட்சம். "இன்னும் அஞ்சாறு வருஷம் தாக்குப்பிடிச்சா, கவரைவிடப் பிரீமியம் மேல போயிடும்" என்று சொல்லிவிட்டு, கணக்கு சரியாக வந்த திருப்தியில் பேனாவை மூடினார். நூற்றாண்டு விழாவுக்குக் கொடியேற்ற அவர் கட்டாயம் வருவார். ரினீவல் கட்டியிருந்தால்.

இந்தப் பத்து எங்கிருந்து வந்தது? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணம் போட்டால் மத்திய அரசு தரும் வட்டி 8.2 சதவீதம். அது 2023 ஏப்ரலில் இருந்து இருக்கும் விகிதம். அந்த வட்டிக்கு வருமான வரியும் உண்டு. தனியார் துறையில் உழைத்து ஓய்ந்தவருக்கு ஊழியர் பென்ஷன் திட்டத்தில் அரசு உத்தரவாதம் தரும் குறைந்தபட்ச மாதப் பென்ஷன் 1,000 ரூபாய். ஆம், மாதத்துக்கு. 2014 செப்டம்பரில் நிர்ணயித்தது. கிழவருக்கு வருவதைப் பதினோரு ஆண்டு அசையாமல் பிடித்து வைத்திருக்கும் கை, கிழவரிடமிருந்து போவதற்கு ஆண்டுதோறும் பத்து என்று தாராளமாகத் திறந்துவிடுகிறது. வரவுக்கு ஒரு பூட்டு, செலவுக்கு ஒரு சாவி. இரண்டையும் செய்தது ஒரே அரசாங்கம். வெட்கம் என்று ஒன்று இருந்தால் இந்த இரண்டு உத்தரவுகளையும் ஒரே அலமாரியில் வைக்க முடியாது.

அறுபதைத் தொட்டவருக்காவது இந்தக் கருணை. 59 வயதுக்காரருக்கு அதுவும் இல்லை. அவருக்குக் கம்பெனி எவ்வளவு ஏற்றினாலும் இந்தச் சுற்றறிக்கை வாய் திறக்காது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே, கடைசி வாய்ப்பாக, அவருக்கு ஒரு பெரிய ஏற்றத்தைப் போட்டுவிடலாம். பிறகு அந்த உயர்ந்த தொகையின் மேல் வருடா வருடம் பத்து. நாற்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக்கடனும் கட்டிக்கொண்டிருப்பவரைப் பற்றி ஆணையத்துக்குக் கவலையே கிடையாது. அவருக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது, தாங்குவார்.

ஏற்றம் பிரீமியத்தில்தான் வர வேண்டும் என்றும் இல்லை. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இன்றும் ஐந்து ரூபாய்தான். உள்ளே இருந்த பிஸ்கட் எத்தனை குறைந்தது என்று குழந்தைகளைக் கேட்டால் சொல்வார்கள். பாலிசியிலும் அதே வித்தை உண்டு. கோ-பே, ரூம் வாடகைக்கு வரம்பு, கண்புரைக்கு இவ்வளவு, மூட்டுக்கு இவ்வளவு என்று உள்வரம்புகள். அதிலும் ரூம் வாடகை விவகாரம் ஒரு தனி ரகம். பாலிசியில் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அறை என்று இருக்கிறது. அன்றைக்கு அந்த அறை காலியில்லை, 8,000 ரூபாய் அறையில் படுத்தார் நோயாளி. வித்தியாசம் நாளுக்கு 3,000 ரூபாய், அதைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றுதான் எவரும் நினைப்பார். தீராது. சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம், டாக்டர் விசிட் என்று பலதையும் எட்டில் ஐந்து பங்காக வெட்டுவார்கள். அறுவை சிகிச்சை செய்த கத்தி கீழே வைக்கப்பட்ட பிறகு நடக்கும் இரண்டாவது அறுவை சிகிச்சை இது. இதற்கு மயக்க மருந்து கிடையாது.

ஆணையத்தின் பழைய சாதனை ஒன்றையும் மறக்கக் கூடாது. 2022 ஜூனில் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு ஒரு சுதந்திரம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு, புதுத் திட்டம் கொண்டுவரும் கம்பெனி முதலில் ஆணையத்திடம் தாக்கல் செய்து, ஒப்புதல் பெற்று, பிறகு விற்க வேண்டும். அதைத் தலைகீழாக்கினார்கள். முதலில் விற்கலாம், தாக்கல் பிறகு. வியாபாரம் செய்வது எளிதாக வேண்டுமாம். எளிதாகிவிட்டது. நோயாளியாக இருப்பதை எளிதாக்கும் திட்டம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தெரியவில்லை.

'நாங்கள் என்ன செய்வோம், கிளெய்ம் கொடுத்தே ஓட்டாண்டி ஆகிறோம்' என்பது கம்பெனிகளின் நிரந்தரப் பல்லவி. ஆணையத்தின் 2023-24 ஆண்டறிக்கையைப் புரட்டினால் இந்தப் பல்லவிக்குச் சுருதி சேரவில்லை. மருத்துவக் காப்பீட்டில் பொதுத்துறைக் கம்பெனிகள் ஈட்டிய ஒவ்வொரு நூறு ரூபாய்ப் பிரீமியத்துக்கும் 103 ரூபாய் சொச்சம் கிளெய்மாகப் போனது. அவர்கள் அழலாம், நியாயம் உண்டு. தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் சுமார் 89 ரூபாய். மருத்துவக் காப்பீட்டை மட்டுமே தொழிலாகக் கொண்ட தனிக் கம்பெனிகளில்? 64 ரூபாய் 71 காசு. நம்மைப் போல் தனித்தனியாகப் பாலிசி எடுக்கும் குடும்பங்களில் பெரும் பங்கு போய் நிற்பது இந்த வாசலில்தான். ஐ.டி. கம்பெனிக்குக் குழுப் பாலிசி என்றால் பேரம் பேச ஆள் பலம் உண்டு. கட்டுப்படியாகவில்லை என்றால் மொத்தமாக வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். வாத்தியாருக்காகப் பேரம் பேச ஸ்பீக்கர் போன்தான் இருக்கிறது.

மிச்சம் 35 ரூபாய் 29 காசு என்னாகிறது? 2023-ல் வந்த ஒழுங்குமுறை ஒன்று இருக்கிறது. தனி மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகள் மொத்தப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை நிர்வாகச் செலவாகக் காட்டலாம். கமிஷன், விளம்பரம், மாடிக் கட்டடம், ஏசி, கிரிக்கெட்டுக்கு நடுவே வந்து குடும்பப் பாசம் பேசும் நடிகர், எல்லாம் அதற்குள். தனித்தனியாக இருந்த கமிஷன் வரம்புகளையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். கிளெய்முக்கு 64.71, செலவுக்கு 35. கூட்டினால் 99.71. இந்த இரண்டு சதவீதங்களின் அடித்தளமும் வேறு வேறு, கூட்டக் கூடாது என்று கணக்காளர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். வாத்தியாரின் நாட்காட்டித் தாளில் அது கூடத்தான் செய்தது.

அந்த 2023-24 ஆண்டில் மறுக்கப்பட்ட கிளெய்ம்களின் மதிப்பு சுமார் 15,100 கோடி ரூபாய். வந்த கிளெய்ம் தொகையில் ஏறத்தாழ 13 சதவீதம். இதில் பொய்க் கிளெய்ம்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முப்பது நாற்பது பக்க ஆங்கில நிபந்தனையில் பதினெட்டாவது பக்கத்து அடிக்குறிப்பைப் படிக்காத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களும் அதில்தான் இருக்கிறார்கள்.

அமெரிக்கா மருத்துவக் காப்பீட்டில் யாருக்கும் முன்மாதிரி ஆகிவிடக் கூடாது. அந்த ஊரில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன் ஆட்கள் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த ஊரில்கூட 2010-ல் ஒபாமா கொண்டுவந்த சட்டம் ஒரு கோடு போட்டது. தனிநபர் பாலிசியில் வசூலிக்கும் பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் போக வேண்டும். பெரிய குழுக்களுக்கு 85. குறைந்தால், வித்தியாசத்தைப் பாலிசிதாரருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வரம்புக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற நினைக்கும் கம்பெனி காரணத்தைப் பொதுவில் வைக்க வேண்டும். அந்த வரம்பு முதலில் பத்து சதவீதமாக இருந்தது, பிறகு பதினைந்தாக்கினார்கள். நம் ஆணையத்துக்கும் அதே பத்து கிடைத்திருக்கிறது பாருங்கள். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பொதுவில் வைப்பதையும் திருப்பிக் கொடுப்பதையும் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

ஏற்றத்துக்குக் காரணமாகக் கம்பெனிகள் எப்போதும் காட்டுவது மருத்துவப் பணவீக்கம். துறை வட்டாரத்தில் அடிக்கடி அடிபடும் எண் 14 சதவீதம். அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டில் மருத்துவத்துக்கான பணவீக்கம் 2024-ல் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. அரசு அளக்கும் நாட்டில் 4, கம்பெனி அளக்கும் நாட்டில் 14. இந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஒரு மருத்துவமனை கவுன்டர் இருக்கிறது. அங்கே கேட்கும் முதல் கேள்வி, "கேஷா, இன்ஷூரன்ஸா?" எங்கே வலிக்கிறது என்பது அதற்குப் பிறகு. பதிலைப் பொறுத்து ரூம் மாறும், ரூமைப் பொறுத்து ரேட் மாறும், ரேட்டைப் பொறுத்து டெஸ்ட்டுகள் மாறும். நோய் மட்டும் மாறாது.

கண்புரை அறுவைக்கு அரசு மருத்துவமனையில் சுமார் 10,000 ரூபாய், தனியாரில் 30,000 முதல் 1,40,000 வரை என்ற கணக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 பிப்ரவரியில் நீதிபதிகள் மத்திய அரசைப் பிடித்து உலுக்கினார்கள். மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2010-ல் வந்தது, விதிகள் 2012-ல் வந்தன, கட்டண வரம்பு வகுக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது, இத்தனை ஆண்டு என்ன செய்தீர்கள்? மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை என்றது அரசு. கடிதம். கண் தெரியாமல் ஒரு தலைமுறை காத்திருந்தபோது இவர்கள் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

நம் மாநிலம் அந்த மத்தியச் சட்டத்தில் இல்லை. நமக்கென்று தனிச் சட்டம் உண்டு, அதுவும் 1997-லேயே. முன்னோடி மாநிலம் அல்லவா. அந்தச் சட்டத்துக்கு விதிகள் வந்த ஆண்டு 2018. சட்டம் பிறந்த அன்று பிறந்த குழந்தை அதற்குள் வளர்ந்து மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும். கோட்டையில் ஆட்சி மாறி மாறி வந்தது. விதி எழுதும் பேனா மட்டும் எந்த ஆட்சியிலும் கிடைக்கவில்லை. வந்த பிறகும் அதன் வேலை பதிவும் தரமும்தான். பில்லில் என்ன போடலாம் என்பது அதன் வேலை இல்லை.

ஆக, ஆஸ்பத்திரி ரேட்டைக் கேட்டால் காப்பீட்டு ஆணையம் 'அது என் அதிகாரத்தில் இல்லை' என்கிறது. மத்திய அரசு, சுகாதாரம் மாநிலப் பட்டியல் என்கிறது. மாநில அரசு, காப்பீடு மத்தியப் பட்டியல் என்கிறது. அரசியல் சாசனத்தை இவ்வளவு பக்தியோடு இவர்கள் கடைப்பிடிப்பது, நாம் பில்லோடு நிற்கும்போது மட்டும்தான். ஜனவரி சுற்றறிக்கையில் ஆணையம் ஒரு நல்ல யோசனையும் சொல்லியிருந்தது: அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதுபோல, கம்பெனிகள் ஒன்று சேர்ந்து மருத்துவமனைகளிடம் பேசிப் பேக்கேஜ் கட்டணம் முடிவு செய்யட்டும். யோசனைதான். கிழவருக்குப் பத்து சதவீதம் உத்தரவு, ஆஸ்பத்திரிக்கு யோசனை.

வரிக் கதைக்கு வருகிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் போட்டார்கள். நோய் வருமோ என்று பயந்ததற்கு வரி. 2023-24-ல் மட்டும் இதில் வசூல் 8,262 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார், வாழ்க்கையின் நிச்சயமின்மைக்கு வரி போடுவது போல இருக்கிறது என்று. செப்டம்பரில் அமைச்சர்கள் குழு அமைத்தார்கள். டிசம்பர் 21-ம் தேதி ஜெய்சால்மர் கோட்டை நகரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. காப்பீட்டு வரி பற்றி முடிவெடுக்க இன்னும் ஆலோசனை தேவை என்று தள்ளிவைத்தார்கள். ஆனால் வெறுங்கையோடு கலையவில்லை. பாப்கார்ன் விஷயத்தைத் தெளிவுபடுத்தினார்கள். உப்புப் போட்ட பாப்கார்ன் உதிரியாக விற்றால் 5 சதவீதம், பாக்கெட்டில் அடைத்தால் 12, கேரமல் தடவினால் 18. அப்படியாக, கேரமல் பாப்கார்னும் வாத்தியார் வீட்டம்மாவின் இருதயமும் ஒரே அடுக்கில் உட்கார்ந்தன. கோவையில் பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் வரி என்று ஒரு ஹோட்டல்காரர் மேடையில் கேட்டதற்கு அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். அதனால் இதற்கு மேல் நான் பேசவில்லை.

கடைசியில் 2025 செப்டம்பர் 3-ம் தேதி கவுன்சிலுக்குக் கண் திறந்தது. 22-ம் தேதி முதல் தனிநபர் பாலிசிக்கு வரி இல்லை. நல்ல காரியம். எட்டு ஆண்டு எடுத்த பணத்தைப் பற்றிப் பேச்சில்லை என்றாலும் நல்ல காரியம். ஆனால் வாத்தியார் விடுவாரா? நூறு ரூபாய் பிரீமியத்துக்கு வரியோடு 118 கட்டிக்கொண்டிருந்தார். வரி போனது, 100. முதல் ஆண்டு பத்து சதவீதம், 110. இரண்டாம் ஆண்டு, 121. தீர்ந்தது நிவாரணம். இரண்டே ஏற்றத்தில் அரசு விட்ட இடத்தைக் கம்பெனி பிடித்துக்கொள்ளும். இதில் உள்ளீட்டு வரி வரவு போய்விட்டது, எங்களுக்கு நஷ்டம் என்ற முனகல் வேறு.

இதற்கு நடுவில் ஆணையத்தின் தலைவர் நாற்காலியே காலியாகக் கிடந்தது. 2025 மார்ச்சில் ஒருவர் பதவிக்காலம் முடிந்து போனார். அடுத்தவர் பெயரை அறிவிக்க ஜூலை கடைசி ஆகிவிட்டது. நாலு மாதம் நாட்டின் காப்பீட்டுக் காவலுக்குத் தலை இல்லை. அந்த நாலு மாதமும் எந்தக் கம்பெனியாவது 'பெரியவர் வரட்டும்' என்று ரினீவலை நிறுத்தி வைத்ததா? பிரீமியத்துக்கு ஒரு நாள் பிந்தினால் நமக்கு எத்தனை மெசேஜ் வருகிறது.

பத்து சதவீதச் சுற்றறிக்கை வந்த மூன்றாம் நாள், பிப்ரவரி 1-ம் தேதி, மத்திய பட்ஜெட். காப்பீட்டில் அந்நிய முதலீட்டு வரம்பு 74-லிருந்து 100 சதவீதம் ஆகும் என்று அறிவிப்பு. போட்டி வரும், போட்டி வந்தால் விலை இறங்கும் என்கிறார்கள். போட்டி இப்போதும்தான் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு பாலிசியை போர்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. 62 வயது, சர்க்கரை, லேசாக பிரஷர். புதுக் கம்பெனி பரிசோதித்துவிட்டு மரியாதையாக மறுத்துவிடும். அப்படி மறுக்க அதற்கு உரிமை உண்டு. சந்தை சுதந்திரமானதுதான். எந்தக் கடைக்கும் போகலாம், கடைக்காரர் கதவைத் திறந்தால்.

எழுபதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் வரை அரசுக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் பிரதமர் தொடங்கி வைத்திருக்கிறார். வாத்தியாருக்கு இன்னும் எட்டு ஆண்டு. அதுவரை நோய் பொறுமையாக இருக்க வேண்டும் என்று குன்றத்தூர் முருகனுக்கு அவர் மனைவி வேண்டிக்கொண்டிருக்கிறார். ஆணையத்தைவிட அங்கே மனு சீக்கிரம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை.

பத்து சதவீதத்தை எட்டாக்கு, ஆறாக்கு என்று கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. எண்ணைக் குறைப்பது பெரிய காரியமில்லை. தேர்தல் வந்தால் அவர்களே குறைப்பார்கள். ஏற்றம் கேட்டு எந்தக் கம்பெனி எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தது, என்ன காரணம் சொன்னது, நூறு ரூபாயில் எவ்வளவு கிளெய்முக்குப் போனது, ஆணையம் ஏன் சரி என்றது, இவை தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் பொதுவில் வர வேண்டும். மின்கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஊர் ஊராகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறது; பேருக்குத்தான் என்றாலும் நம்மை உட்காரவைத்து மைக்கைக் கையில் கொடுக்கிறது. ஃபேனுக்கு உள்ள மரியாதை இருதயத்துக்கு இல்லையா? கிளெய்முக்கு இத்தனை சதவீதம் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் திருப்பிக் கொடு என்று ஒரு வரி எழுத ஆணையத்துக்கு எந்த வெளிநாட்டு நிபுணரும் தேவையில்லை. அறுபது வயதுக் கோட்டை அழித்துவிட்டு எல்லோருக்கும் அதைச் செய்ய வேண்டும்.

அதுவரை உங்களுக்கு ஒரு வார்த்தை. கோபத்தில் பாலிசியை விட்டுவிடாதீர்கள். விட்டால் காத்திருப்புக் காலமெல்லாம் முதலிலிருந்து தொடங்கும், கம்பெனிக்கு அதைவிட லாபம் வேறில்லை. பணத்தைக் கட்டுங்கள். கட்டிய கையோடு, போன வருடப் பிரீமியத்தையும் இந்த வருடப் பிரீமியத்தையும் போட்டு, ஏற்றத்துக்கு எழுத்துப்பூர்வமாகக் காரணம் கேட்டுக் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் புகாராகப் பதியுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு நகல். ஓட்டுக் கேட்டு வரும்போது உங்கள் வீட்டு எண் அவருக்குத் தெரிந்துதானே இருந்தது.